அச்சு முறியாத தேர்

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில், மதுராந்தகத்து ஏரிக்கரையைத் தாண்டிச் சிறிது தொலைவு போனதும் வருகிற எங்கள் அச்சரப்பாக்கம், வஜ்ரகிரியின் அடிவாரத்தில் ஒரு கடைத்தெருவும் ஒரு ரயில் நிலையமும் ஒரு பழைய சிவாலயமும் கொண்ட சிற்றூராகவே வழிப்போக்கர் கண்ணுக்குத் தோன்றினாலும், தன் பெயருக்குள் ஒரு பெரிய கதையைப் பொதிந்து வைத்திருக்கிறது. முப்புரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்காகத் தேவர்கள் ஒரு தேர் அமைத்தார்கள். பூமி தேர்த்தட்டாயிற்று, சூரிய சந்திரர் சக்கரங்களாயினர், நான்கு வேதங்களும் குதிரைகளாயின, பிரமன் சாரதியாக அமர்ந்தான், மேரு வில்லாகவும் வாசுகி நாணாகவும் திருமால் அம்பாகவும் ஆயினர். இவ்வாறு அவரவர் தகுதிக்கேற்ற உத்தியோகம் பகிர்ந்தளிக்கப்பட்ட அந்த மகத்தான ஏற்பாட்டில், எக்காரியத்துக்கும் முதலில் வணங்கப்பட வேண்டிய விநாயகரை மட்டும் மறந்து தேரைச் செலுத்தியதால், அதன் அச்சு இற்றுப்போன இடமே அச்சிறுபாக்கம், அதாவது இன்றைய அச்சரப்பாக்கம், என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. தேரின் அச்சைப் பொடி செய்த விநாயகரின் வன்மையை அருணகிரிநாதரும் தம் துதியில் பாடியிருக்கிறார்.

இளமை முதல் இக்கதையைப் பக்தியோடு கேட்டு வந்தவன் நான்; ஆனால் ஏற்கெனவே ஓர் இடத்தில் இருக்கிறவனை எண்ணிப் பார்க்காமல் செய்யப்படுகிற புதிய ஏற்பாடு எவ்வளவு கம்பீரமானதாயினும் பாதி வழியில் அச்சு முறிந்து நிற்கும் என்னும் பாடமும் அதில் இருக்கிறது என்பதை, சற்றும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து, என் தங்கை மகனுடைய மடிக் கணினித் திரையிலிருந்து, அண்மையில்தான் உணர்ந்தேன்.

செங்கற்பட்டுக்கு நாள்தோறும் ரயிலில் போய்ப் படித்து வருகிற அந்தப் பிள்ளை, இரவில் இரண்டு மணி நேரம் இணையத்தில் ஒரு பாத்திர விளையாட்டு ஆடுவான். பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே கற்பனை உலகத்தில் கூடி, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, குழுவாகச் சேர்ந்து அரக்கர்களோடு பொருதும் வகையைச் சேர்ந்தது அது. அதில் அவன் ஏற்றிருந்தது வைத்தியனின் பாத்திரம். அவர்கள் வழக்கில் சொன்னால் ஹீலர். நான் அதைப் பொழுதுபோக்கு என்று அலட்சியமாக எண்ணியிருந்த காலத்தில், ஒரு நாள் அவனுடைய மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கண்டேன். அரக்கன் கர்ஜிப்பது எத்தனையாவது விநாடியில், அடி விழுவது யார்மேல், அதற்கு முன் யாரைக் காக்க வேண்டும், எந்த மருந்தை எதற்காக மிச்சம் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் பென்சிலால் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதி, தவறியவற்றை அழித்து மீண்டும் எழுதியிருந்தான். மூன்று வருஷத்து உழைப்பு அது. பாடப் புத்தகத்தில் காட்டுகிற சிரத்தைக்குச் சற்றும் குறையாத சிரத்தையை அந்த நோட்டில் கண்டபின் அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு வாரம் முழுவதும் முகம் வாடிக் கிடந்தான். காரணம் கேட்டபோது, “மாமா, புதுசா ஒரு கேரக்டர் விட்டிருக்காங்க. அது அடிக்கவும் அடிக்குது, ஆறவும் வைக்குது. எங்க டீம்ல என்னை இனிமே கூப்பிட மாட்டாங்க” என்றான். அவனுடைய நண்பர்கள் கெட்டவர்களல்லர். வெல்ல விரும்பினார்கள், வெல்வதற்கு அந்தப் புதிய பாத்திரமே சுலபமான வழியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷம் பழகிய ஒரு வித்தை, யாரும் அதைத் தோற்கடிக்காமலே, ஒரே இரவில் வேலையற்றுப் போயிற்று. இதை விளையாட்டுப் பிள்ளைகளின் அற்ப மனஸ்தாபம் என்று தள்ளிவிடாமல், நியாயம் பற்றிய கேள்வியாகவே வாசகர்கள் கருத வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இவ்விளையாட்டுகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் அச்சாகி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில் வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே பாத்திர வகைகள் இருந்தன. மறுவருஷமே வெளியான அநுபந்த நூல் ஒன்று, பூட்டைத் திறப்பதும் பொறியைச் செயலிழக்கச் செய்வதும் ஓசையின்றி நடப்பதும் நிழலில் மறைவதும் வல்லவனான திருடன் என்னும் நான்காம் வகையைக் கொணர்ந்தது. அதுவரை எந்த வீரனும் ஒரு கதவருகே மெல்லப் பதுங்கிப் போக முயலலாம், நடுவராக இருப்பவர் அதைச் சீர்தூக்கி முடிவு சொல்வார். திருடன் வந்தபின்போ பதுங்குவது அவனுடைய பிரத்தியேகத் தொழில் என்றாகி, மற்றவர்கள் நேற்றுவரை செய்துவந்ததை இன்று செய்யத் தகுதியற்றவர்களாயினர் என்று பழைய ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீடு அரை நூற்றாண்டு கழிந்தும் ஓயவில்லை. 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கணினியில் எழுத்து வடிவிலேயே பலர் கூடி ஆடும் உலகம் ஒன்றைத் தொடங்கி வைத்தார்கள். 2004-இல் ஒன்பது வகுப்புகளோடு வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அவ்வகை விளையாட்டை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. முன்னே நின்று அடியைத் தாங்குபவன், காயம் ஆற்றுபவன், பகைவனை அடித்து வீழ்த்துபவன் என்னும் முப்பெரும் பிரிவும், அவற்றுக்குள் எண்ணற்ற சிறப்புத் துறைகளும் இவற்றின் உயிர்நாடி. வருஷங்கள் செல்லச் செல்ல ஆட்டக்காரர்களுக்குப் புதுமை வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய துறை ஒன்றைச் சேர்க்கிறார்கள். சேர்த்த மறுநாளே சமநிலை என்னும் பிரச்சினை எழுகிறது.

என் மருமகனுடைய துக்கத்தை நான் உண்மையாகப் புரிந்துகொண்டது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான்னம், அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, என் தாயார் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஆடு புலி ஆட்டத்தின் கோடுகளை இழுத்தார். நம் நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கற்றளத்தில் யாரோ பொழுதுபோகாத வழிப்போக்கர்கள் செதுக்கி வைத்த அதே கட்டம்தான்: உச்சியிலிருந்து இறங்கும் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளும் சந்திக்கும் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. இரு பக்கத்தார்க்கும் எண்ணிக்கையும் ஒன்றன்று, வல்லமையும் ஒன்றன்று; புலி, பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் குதித்து அதை வெட்டும்; ஆட்டுக்கு வெட்டும் சக்தியே இல்லை. ஆயினும் ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலி குதிக்க முடியாது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கி நெருங்கிச் சூழ்ந்துகொண்டால் மூன்று புலிகளும் நகர வழியின்றி அடைபட்டுப் போகும். பலத்துக்கு எதிராக ஒற்றுமையை நிறுத்தி, இரண்டையும் ஒரே தராசில் நிற்க வைத்த அந்த அநாமதேய முன்னோர்களின் புத்தி நுட்பத்தை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

அப்போது மருமகன் ஒரு யோசனை சொன்னான். ஆட்டுப் பக்கத்துக்கு ஒரு காவல் நாயைச் சேர்த்தால் என்ன? புலி தாண்டமுடியாத ஒரு பிராணி அது. ஆடு இறங்கும் காலத்திலேயே நகரவும் வல்லது. சட்டைப் பொத்தான் ஒன்று நாயாயிற்று. பதினைந்து ஆட்டோடு நாயும் சேர்ந்தபோது, என் தாயாரைப் போன்ற கைதேர்ந்த ஆட்டக்காரரின் புலிகளும் மூன்று ஆட்டத்திலும் அடைபட்டன. இரண்டு ஆட்டைக் குறைத்தோம். பிறகு இன்னும் ஒன்றைக் குறைத்தோம். நாய் ஒரு முறை நகர்ந்தால் மறுமுறை நகரக்கூடாது என்று ஒரு விதி வைத்தோம். விளக்கேற்றும் நேரத்துக்குள் வெற்றி தோல்வி ஏறத்தாழச் சரிபாதியாக வந்துவிட்டது. பையன் முகத்தில் ஒரு பிரகாசம்; பெரிய சமன்பாட்டைத் தீர்த்துவிட்டதாக நினைத்தான். என் தாயார் மட்டும் கூழாங்கற்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஜெயிக்கிறது தோக்குறது சரியா வந்துடுச்சுடா கண்ணு. ஆனா ஆட்டுக்கு வேலையே இல்லையே. நாயையே நகத்திக்கிட்டு இருக்கியே.”

இந்தப் பிரச்சினையின் மர்மம் முழுவதும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். வெற்றி தோல்வியின் கணக்கு சமப்படுவது ஒன்று. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் மிஞ்சியிருப்பது வேறொன்று. முன்னதை எண்களால் அளக்கலாம். பின்னதை அந்தப் பாத்திரத்தை ஆடுகிறவனுடைய கையும் மனமும் சொல்ல வேண்டும். விளையாட்டை உண்டாக்குகிறவர்கள் பெரும்பாலும் முன்னதைச் சரிசெய்வதிலேயே முனைந்து பின்னதைக் கவனியாது விடுகிறார்கள்.

சென்ற இருபது வருஷத்துச் சரித்திரம் இதற்குச் சாட்சி. 2008 நவம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ முதன்முறையாகச் சேர்த்த புதிய வகுப்பாகிய டெத் நைட், மற்றவர்களைப் போல முதற்படியிலிருந்து ஏறாமல் 55-ஆம் படியிலேயே பிறந்தவன்; அவனுடைய மூன்று துறைகளுமே அடியைத் தாங்கவும் அடிக்கவும் வல்லனவாக இருந்தன. அவன் வந்த முதற்சில மாதங்களில் போர்க்களமெங்கும் அவனே காணப்பட்டான். பின்னர்த் திருத்தத்துக்குமேல் திருத்தமாக அவனுடைய வன்மையைக் குறைத்தார்கள். இவ்வாறு குறைப்பதைத்தான் நம் பிள்ளைகள் ‘நெர்ஃப்’ என்கிறார்கள். 2015 அக்டோபரில் ‘கில்டு வார்ஸ் 2’ என்னும் விளையாட்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்றாக ஒன்பது உயர்தரச் சிறப்புத் துறைகளைத் தந்தது. அவற்றுள் குரோனோமான்சர் என்னும் கால வித்தைக்காரன், தோழர்களின் கைவேகத்தைக் கூட்டவும் அவர்களுடைய வித்தைகள் விரைவில் மீண்டும் கைவரச் செய்யவும் வல்லவனாக இருந்தமையால், அவனில்லாமல் பத்துப் பேர் கூடும் பெரும்போருக்குப் புறப்படுவதையே பல குழுக்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வரங்களைப் பிற துறைகளுக்கும் பரவலாகப் பங்கிட்டுக் கொடுத்து, ஒருவனே இன்றியமையாதவன் என்னும் நிலையைத் தளர்த்துவதற்கு 2022 வரை ஆயிற்று.

இவற்றினும் நுட்பமானது 2023 ஜூலையில் நிகழ்ந்தது. முற்கூறிய ‘வார்கிராஃப்ட்’ விளையாட்டில் இவோக்கர் என்னும் வகுப்புக்கு ஆக்மென்டேஷன் என்ற மூன்றாம் துறை ஒன்று வந்தது. தானே பெரிதாக அடிப்பதை விடத் தன் தோழர்களின் அடியைப் பெருக்குவதே அதன் தர்மம். பிறருடைய சிறப்பில் தன் சிறப்பைக் காணும் பாத்திரம் என்ற அளவில் அது உயர்ந்த கற்பனைதான். ஆனால் யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் கணக்குக் கருவிகளில் அதன் உழைப்பு தோழர்களின் பெயரிலேயே வரவாயிற்று. அந்த வரவைப் பிரித்து உரியவன் கணக்கில் சேர்ப்பதற்குக் கணக்கு முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. ஐவர் செல்லும் கடினமான குகைப் போர்களில், உச்சியில் நின்ற குழுக்களில் பெரும்பாலானவை அதைச் சேர்த்துக்கொண்டன. குழுவில் இடம் ஐந்தே. ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போகவேண்டும். வெளியே நின்றவன் தன்னுடைய அடியில் ஒரு புள்ளியும் குறையாமலே வெளியே நின்றான் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு பாத்திரத்தின் மதிப்பு அதற்குள்ளேயே இருப்பதன்று. சூழ நிற்பவர்களோடு அதற்குள்ள சம்பந்தத்தில் இருப்பது.

இந்த உண்மையைச் சதுரங்கத்தைக் கொண்டு பரீட்சித்தவர்களும் உண்டு. முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், டீப்மைண்ட் நிறுவனத்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, தானே ஆடித் தானே கற்கும் ஆல்ஃபாஸீரோ என்னும் இயந்திர அறிவிடம் சதுரங்க விதிகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்து, என்ன நேர்கிறது என்று கண்டு 2020-இல் வெளியிட்டார். சிப்பாய்கள் எந்தக் கட்டத்திலிருந்தும் இரண்டு கட்டம் பாயலாம் என்று ஒரு விதியை மாற்றியதும், குதிரையும் யானையும் ராணியும் தம் இயக்கத்தில் எவ்வித மாறுதலும் அடையாதிருந்தும், சிப்பாயோடு ஒப்பிடுகையில் மதிப்பிழந்தன. ஒருவனை உயர்த்துகிற செயல், மற்றவர்களைத் தொடாமலே அவர்களைத் தாழ்த்திவிடுகிறது. அரசனைக் கோட்டைக்குள் ஒளித்து வைக்கும் காஸ்லிங் என்னும் விதியை நீக்கிய ஆட்டத்துக்கு முதற்போட்டி நடந்த ஊர் நம் சென்னையே. 2020 ஜனவரியில் நடந்த அந்தப் போட்டியில் 89 விழுக்காட்டு ஆட்டங்கள் வெற்றி தோல்வியில் முடிந்தன. மறுவருஷம் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் நம் விசுவநாதன் ஆனந்த் அதே விதியின்படி கிராம்னிக்கோடு ஆடி வென்றார். 

அதே சதுரங்கத்தில், புதிய வல்லமை பழையவர்களைக் கெடுக்காமல் வாழ்வித்த ஓர் உதாரணமும் இருக்கிறது. பழங்காலத்தில் அரசனருகே நின்ற மந்திரி, மூலைவாட்டில் ஒரே கட்டம் நகரும் பலவீனமான காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அது ராணியாகி எத்திசையும் எத்தூரமும் பாயும் சக்தி பெற்றது. அவ்வளவு பெரிய சக்தி ஒரே காய்க்கு வந்தும் ஆட்டம் ஏன் சீர்குலையவில்லை? கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் முன்பு பெற்றது அந்த அற்ப மந்திரிப் பதவியை. இப்போது பெறுவதோ ராணியின் முழுச் சக்தியை. ராணி உயர்ந்தபோது அவளோடு சேர்ந்து மிகக் கீழே இருந்த சிப்பாயின் எதிர்காலமும் உயர்ந்தது. இரு தரப்புக்கும் ராணி உண்டு. ராணியை இழப்பது பெருநஷ்டமாதலால் அவளை அனுப்ப எவரும் அஞ்சவும் வேண்டும். ஆற்றலுக்கு ஈடான அபாயமும், பழையவர்களுக்கும் ஒரு பங்கு லாபமும் சேர்ந்தே வந்தமையால், ஐந்நூறு வருஷங்களாக அந்த மாறுதல் நிலைத்து நிற்கிறது.

நம் காலத்துக் கிரிக்கெட்டில் இதற்கு நேர்மாறானதைக் காண்கிறோம். 2023 முதல் ஐ.பி.எல். போட்டிகளில் நடைமுறையிலிருக்கும் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதியின்படி ஆட்டத்தின் நடுவில் ஒருவரை நீக்கி வேறொருவரைக் கொணரலாம். இதனால் மட்டையாளருக்கும் பந்துவீச்சாளருக்கும் அணியில் இடம் குறையவில்லை. இரண்டும் தெரிந்த ஆல்ரவுண்டருக்குத்தான் நஷ்டம். இரண்டு வேலையை ஒருவர் செய்வதில் இருந்த விசேஷம், இரண்டு பேரை அடுத்தடுத்து இறக்கலாம் என்றானதும் கரைந்துவிட்டது. வாஷிங்டன் சுந்தர், சிவம் துபே போன்றவர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்று ரோகித் சர்மா 2024-இல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். என் தாயார் திண்ணையில் சொன்னதும் இதுதான்: ஆட்டம் விறுவிறுப்பாகவே நடக்கிறது, ஆனால் ஒருவனுக்கு வேலை இல்லை.

இனி, இதில் வியாபாரம் நுழைகிற இடத்தைப் பார்க்க வேண்டும். நம் கிராமத்துப் பிள்ளைகளின் கைபேசிகளில் ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்து, 2022 பிப்ரவரியில் மத்திய அரசால் தடை செய்யப்பட்ட ‘ஃப்ரீ ஃபயர்’ பாத்திர விளையாட்டு வகையைச் சேர்ந்ததன்று, துப்பாக்கி விளையாட்டு. எனினும் அதன் பாத்திரங்களுக்குத் தனித்தனிச் சக்திகள் உண்டு. 2020 டிசம்பரில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் சாயலில் வந்த குரோனோ என்னும் பாத்திரம், குண்டுகளைத் தடுக்கும் ஒரு கவசத்தை எழுப்பும் சக்தியோடு வந்து களத்தையே தன்வயப்படுத்தி, பிறகு குறைக்கப்பட்டது. புதிய பாத்திரத்தைப் பணத்துக்கு விற்கிற இடங்களிலெல்லாம் ஒரு சபலம் எழுவது இயல்பு: புதியவன் பழையவர்களை விடச் சற்றே வலியவனாக இருந்தால் வாங்குவோர் அதிகம். ஆனால் வாங்கியபின் குறைத்தால், பணம் கொடுத்தவனுக்கு வஞ்சனை. குறைக்காமல் விட்டால், கொடுக்க இயலாதவனுக்கு அநீதி. இரண்டிலும் தப்ப ஒரே வழி, தொடக்கத்திலேயே வலிமையை விலைப்பொருளாக்காமல் இருப்பதுதான். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தமிழ்நாட்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டமும் கட்டுப்படுத்த முனைந்திருப்பது நல்லதே. ஆயினும் ஆட்டத்துக்குள்ளே பாத்திரத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையிலுள்ள நியாயத்தைச் சட்டம் அளக்க முடியாது. அது சிருஷ்டிப்பவனுடைய மனச்சாட்சிக்கும் ஆடுகிறவனுடைய விவேகத்துக்கும் உரிய காரியம்.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்க இரண்டு வாதங்களை நான் அறிவேன். உலகில் பழையது கழிந்து புதியது புகுவது இயற்கை, பழையவனுக்காகப் புதியவனை முடமாக்கலாமா என்பது முதல் வாதம். புதியவனை முடமாக்கச் சொல்லவில்லை. அவனுக்கென ஒரு புதிய காரியத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறேன். யாரும் செய்யாத வேலையைச் செய்ய வருகிறவன் எவ்வளவு வல்லவனாயினும் எவருக்கும் பகையாக மாட்டான். பிறருடைய வேலையையே இன்னும் சுலபமாகச் செய்ய வருகிறவன் எவ்வளவு பலவீனனாயினும் ஒருவனை வெளியேற்றியே தீருவான். எல்லாரையும் ஒரேமாதிரி ஆக்கினால் சண்டையே இல்லையே என்பது இரண்டாம் வாதம். அதையும் செய்து பார்த்தார்கள். எந்த வகுப்பு என்று பாராமல் எந்த மனிதர் என்று பார்த்துக் குழு சேர்க்கலாம் என்னும் நல்ல நோக்கத்தோடு, 2008-இல் ‘வார்கிராஃப்ட்’ படைப்பாளர்கள், ஒரே வகுப்புக்குரியனவாக இருந்த பல வரங்களைப் பலருக்கும் பகிர்ந்தார்கள். யாரும் புறக்கணிக்கப்படக் கூடாது என்னும் அந்த எண்ணம் போற்றத்தக்கது; எனினும் நாளடைவில், வேஷம் மட்டுமே வேறு, உள்ளே எல்லாரும் ஒருவரே என்னும் சலிப்பும் ஆட்டக்காரர்களிடம் தோன்றிற்று.

சமத்துவம் என்பது ஒருமாதிரியாக இருப்பதன்று என்பதை எங்கள் ஜில்லாவில் கல்லே சொல்லும். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் நான்கு ஒரே பாறைத் தொடரிலிருந்து வரிசையாகக் குடைந்தெடுக்கப்பட்டவை. திரௌபதி ரதம் ஒரு கூரைக் குடிசையின் வடிவம். வீமன் ரதம் நீண்ட வண்டிக்கூண்டு போன்ற கூரையுடையது. தருமராஜ ரதம் அடுக்கடுக்காக எழும் விமானம். சற்றே விலகி நிற்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்தது. தருமராஜ ரதமே மிக உயரமானது. எனினும் திரௌபதி ரதத்தின் முன் நின்று அந்த வாயிற் பெண்களின் சிற்பங்களைப் பார்க்கிற எவனும், உயரம் போதவில்லை என்று எண்ணுவதில்லை. ஒன்றின் அழகை மற்றொன்று செய்ய முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவத்தைத் தந்த சிற்பிகள், உயரத்தைச் சமப்படுத்த வேண்டிய அவசியமில்லாமலே நியாயம் செய்துவிட்டார்கள்.

ஆகவே இத்துறையில் உழைப்பவர்களுக்கு, சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் விளையாட்டு வடிவமைப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் நம் இளைஞர்களுக்கு முக்கியமாக, சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். புதிய பாத்திரம் ஒன்றைக் கற்பனை செய்யும்போது, அது என்ன செய்யும் என்று எழுதுவதற்கு முன்னால் அது என்ன செய்ய முடியாது என்று எழுதுங்கள். ராணிக்கு இழப்பின் அச்சம் இருப்பதுபோல, ஒவ்வோர் ஆற்றலுக்கும் அதற்கீடான ஒரு குறையை உடன் வையுங்கள். வெளியிடுவதற்கு முன் அதைப் பலர் கையில் கொடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள். அந்தப் பரீட்சைக்குப் புதுமையில் மோகங்கொண்டவர்களை மட்டும் அழைக்காமல், எந்தப் பழைய பாத்திரத்தின் இடத்தை அது நெருங்குகிறதோ அந்தப் பாத்திரத்தையே வருஷக்கணக்காக ஆடியவர்களை முதலில் அழையுங்கள். நீங்கள் வென்றீர்களா என்று அவர்களைக் கேட்காதீர்கள். உங்களுக்கு வேலை இருந்ததா என்று கேளுங்கள். குறைக்க நேர்ந்தால் ஒரே அடியாக வெட்டாமல் சிறிது சிறிதாகக் குறைத்து, காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த நஷ்டத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒருவனைத் தாழ்த்துவதற்கு முன், மற்றவர்களை உயர்த்திச் சரிசெய்ய வழியுண்டா என்பதையும் யோசியுங்கள். ஆயினும் எல்லாரையும் ஓயாமல் உயர்த்திக்கொண்டே போனால் எதிர்நிற்கும் அரக்கன் அற்பனாகிவிடுவான் என்பதையும் மறவாதீர்கள்.

ஆடுகிற பிள்ளைகளுக்கும் சொல்ல ஒன்றுண்டு. உங்கள் குழுவில் ஒருவன் நேற்றுவரை உங்கள் உயிரைக் காத்தவன். இன்று ஒரு புதிய சௌகரியம் கிடைத்துவிட்டது என்பதற்காக அவனை அழைக்காமல் இருக்கும்போது, விதிகளை உண்டாக்கியவன் செய்த தவற்றை நீங்கள் பூர்த்தி செய்கிறீர்கள். சற்றே மெதுவாக வென்றாலும் கூடி வெல்வது விளையாட்டின் தர்மம்.

என் தங்கை மகன் அந்த நோட்டை எறிந்துவிடவில்லை. மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறான். திண்ணையில் நாயை விட்டுவிட்டுப் பழையபடி மூன்று புலியும் பதினைந்து ஆடுமாக அவனும் அவன் பாட்டியும் ஆடுகிறார்கள். புதியவர்களை வரவேற்போம், தேர் பெரிதாகட்டும், குதிரைகள் கூடட்டும். தேரைக் கிளப்புவதற்கு முன்னால், ஏற்கெனவே ஓர் இடத்தில் இருப்பவனைப் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும், அச்சு முறிந்த ஊரிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.